புழக்கடைத் தக்காளியும் பக்கத்து வயலும்

கிராமங்களில் வீட்டின் பின்புறம், பாத்திரம் விளக்கும் ஜலம் ஓடித் தேங்கும் மூலையில், தக்காளிச் செடி ஒன்றிரண்டு தாமே முளைத்து நிற்பது சாதாரணக் காட்சி. அதை எவரும் விதைத்ததில்லை. குழம்புக்கு அரிகையில் ஒதுக்கிய அழுகற் பழம் விழுந்த இடத்தில் அது முளைத்தது; அடுப்புச் சாம்பலும் கழுநீரும் உண்டு வளர்ந்தது; முதலில் பத்துப் பதினைந்து பழமும் கொடுத்தது. பிறகு அதன் நுனியிலைகள் சிறுத்து, மடிந்து சுருண்டு, வெளிறிப் போயின. பூக்கள் உதிர்ந்தன. கணுக்கள் நெருங்கிச் செடி முழுவதும் குறுகிப் புதர்போலாயிற்று. ஆயினும் அடிக்கிளையில் இரண்டு காய் தொங்குவதைக் கண்டு, வீட்டிலுள்ளோர் அதைப் பிடுங்க மனமின்றி விட்டு வைக்கின்றனர். அடுத்த மழை வரும் வரையில் அது அவ்வாறே நிற்கும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்போர் உளர். நஷ்டம் உண்டு, அஃது அந்த வீட்டாரோடு நிற்பதுமன்று. அவ்வூரில் ஏக்கர் கணக்கில் தக்காளி பயிரிடும் குடியானவருக்கும், வரும் பருவத்தில் அதே புழக்கடையில் வைக்கப்போகும் இளநாற்றுக்கும் அந்தச் சுருண்ட செடியே சத்துரு. நல்ல தக்காளிச் செடியை வளர்ப்பதற்கு எருவும் மருந்தும் தேடுவதற்கு முன்பு, பழைய செடியைப் பிடுங்குதல் முதல் வேலை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இலைச்சுருட்டை என்னும் இந்நோய் மண்ணில் பிறப்பதன்று, ஜலக்குறைவால் வருவதுமன்று. கோடை வெயிலில் அடியிலைகள் குழாய்போல் சுருளுவது வேறு. அப்பொழுது இலை பச்சை மாறாது, நுனி வளர்ச்சியும் குன்றாது. இலைச்சுருட்டையிலோ நுனிதான் முதலில் கெடும். இதற்குக் காரணம் ஒரு வைரஸ். இந்தியாவில் இந்நோயை ஆராய்ந்து வாசுதேவா, சாம்ராஜ் என்னும் இருவர் 1948-இல் எழுதினர். இந்த வைரஸைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது இலையின் அடிப்புறத்தில் அமரும் வெள்ளை ஈ. அது கடுகிலும் சிறியது. செடியை அசைத்தால் மாவு சிதறினாற்போல் எழுந்து மீண்டும் இலைக்கடியில் ஒட்டிக்கொள்ளும். நோய்கண்ட செடியில் அது சிறிது நேரம் சாறு உறிஞ்சினால் போதும். பின்னர்ப் பல நாள் வரையில் அது செல்லும் செடிகளுக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே போகும். காற்று வீசும் திசையில் அது வெகுதூரம் செல்லவும் வல்லது. வரப்போ வேலியோ அதற்குத் தடையாகா.

நோய் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. இதைத் திட்டமாய்ச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில், செடி சுருண்ட பிறகு கடைக்குச் சென்று கேட்பவருக்கு ஏதேனும் ஒரு புட்டி கிடைத்தே தீரும். அது ஈயைக் கொல்லலாம். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை ஒன்றும் செய்யாது. ஈயும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கத் தெளிக்க அதற்குப் பழகிவிடுகிறது. குழந்தைகள் ஓடி விளையாடி, பழத்தைப் பறித்தபடியே கடிக்கும் புழக்கடையில் கடும் விஷ மருந்துகளைக் கொண்டுவருவது எவ்விதத்திலும் தகாது.

நட்ட மூன்று நான்கு வாரத்திற்குள் நோய் கண்ட செடியில் அறுவடை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. காய் பிடித்த பிறகு கண்டால் சேதம் குறைவு. ஆகையால் இளம்பயிருக்கு அருகில் நோயுள்ள முதுசெடி நிற்பதுதான் பேராபத்து. பட்டத்துக்குப் பட்டம் வயலில் பயிர் மாறினும், புழக்கடையில் ஆண்டு முழுவதும் நிற்கும் ஒற்றைச் செடி ஒரு பட்டத்து ஈயை அடுத்த பட்டத்துக்குப் பத்திரமாய்ச் சேர்ப்பிக்கும் பாலமாகிறது. ஒரு ஊரில் நூறு வீடிருந்தால் இத்தகைய பாலம் எத்தனை என்பதை மிராசுதார்களே எண்ணிக் கொள்ளலாம்.

தக்காளி கெடும்போது அதன் பலன் யாவரையும் தொடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ ஒன்று 100 ரூபாய்க்கும் மேலே சென்றதையும், சென்னையில் நியாயவிலைக் கடைகள் சிலவற்றின் வாயிலாய் அரசாங்கம் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதையும் எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்வாண்டு விளைச்சல் குறைந்ததற்குப் பருவந்தவறிய வெப்பமும் மழையும் காரணங்கள். கோலார்ப் பக்கத்து வயல்களில் பரவிய இலைச்சுருட்டையும் ஒரு காரணமாய்ச் சொல்லப்பட்டது. இரண்டு மாதத்திற்குள் விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாது விவசாயிகள் வருந்தினர். விலையின் ஏற்றத்தாழ்வைத் தடுக்க எந்தக் குடியானவராலும் இயலாது. தம் ஊரில் நோயின் விதையை வைத்துக்கொள்ளாதிருக்க இயலும்.

பழைய செடியை ஊரார் யாவரும் ஒருசேரப் பிடுங்குதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டில் விவசாயப் பூச்சி நோய்ச் சட்டம் பிறந்தது. கம்போடியாப் பருத்தியை ரயத்துக்கள் பறிப்பு முடிந்த பின்னும் விட்டு வைத்ததால், பூச்சிகள் அதிலேயே தங்கிப் புதுப்பயிரைப் பிடித்தன. ஆகையால் குறித்த தேதிக்குள் பழஞ்செடிகளை வேருடன் அகற்றும்படி அச்சட்டத்தின்கீழ் உத்தரவாயிற்று. இன்னும் கொஞ்சம் பஞ்சு கிடைக்குமே என்னும் ஆசையை விடுவது எளிதன்று, முணுமுணுத்தோர் இருந்தேயிருப்பர். அயல்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் 1990-களில் தக்காளியின் மஞ்சள் இலைச்சுருட்டை புகுந்து, பழக்குழம்பு செய்யும் ஆலைகளையே மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது. அந்நாட்டு அரசாங்கம், தக்காளியும் வெள்ளை ஈ விரும்பும் பிற பயிர்களும் ஆண்டில் மூன்று மாதம் நிலத்தில் இருக்கலாகாது என்று விதித்தது. ஈக்கு நோய்ச்செடி கிடைக்கவில்லை. அதன் பின் வந்த பயிர் தலையெடுத்தது. நோயைத் தாங்கும் ரகங்களும் பின்னர்த் துணைநின்றன.

புழக்கடைக்குச் சட்டம் போடவேண்டும் என்பதன்று கருத்து. ஒரு வீட்டு அம்மாள் வைத்திருக்கும் இரண்டு செடிக்கு நோட்டீஸ் கொடுப்பது நகைப்புக்கிடமாகும். அதனால் விரோதமே வளரும். ஆனால் சட்டம் செய்ய இயலாததைக் கிராம அதிகாரிகளும் பெரிய நிலக்காரரும் தம் கொல்லையில் செய்து காட்டலாம். ஊர்ப் பெரியவரின் கிணற்றடியில் சுருட்டைச் செடி நிற்கையில், மற்றவருக்குச் சொல்லும் புத்திமதி காதில் ஏறாது. பங்குனி முடிவதற்குள் ஊரிலுள்ள முதுசெடிகள் யாவும் போய்விடவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டால், சித்திரை வைகாசியின் கடும் வெயிலில், வெள்ளை ஈ மிகுந்து பெருகும் காலத்தில், அதற்கு நோய் கொள்ளும் இடம் குறைந்துபோம். ஒரு மாதமாயினும் ஊரில் தக்காளிச் செடியே இல்லாதிருத்தல் நலம்.

காயோடு நிற்கும் செடியைப் பிடுங்குவது எப்படி என்னும் ஆட்சேபம் நியாயமானதே. முற்றிய காய்களைப் பறித்து வைக்கோலுக்குள் வைத்தால் வீட்டிற்குள்ளேயே பழுக்கும்; பிஞ்சும் பச்சைக்காயும் கூட்டுக்கும் துவையலுக்கும் ஆகும். தானாய் முளைத்த செடி என்பதற்காகவே அதை வெறுக்கவும் வேண்டியதில்லை. இலை நேராய், நுனி தெளிவாய் இருக்கும் வரையில் அது இருக்கட்டும். சுருண்ட அன்றே அதற்கு முடிவு. பிடுங்குவதற்கு அதிகாலை உகந்தது. அப்பொழுது ஈக்கள் மந்தமாயிருக்கும். செடியின்மேல் ஒரு சாக்கை மெல்லக் கவிழ்த்து, சாக்குடன் வேரோடு இழுத்து, வாயைக் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, பிறகு குழியில் புதைக்கவேண்டும். வெறுமனே பிடுங்கி வேலியில் எறிந்தால் ஈக்கள் எழுந்து அடுத்த கொல்லைக்குச் செல்லும். அதுவரை செய்த வேலை வீண். வேலியோரத்துப் பார்த்தீனியத்தையும் ஊமத்தையையும் அத்துடன் களைதல் வேண்டும். அவையும் இந்த வைரஸுக்கு இடங்கொடுப்பவை.

இனிப் புதுச் செடி. அதன் ஆரோக்கியம் பெரும்பாலும் நாற்றங்காலிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்றால் மிகையன்று. ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு செடி ஏராளம். அதற்கு அகன்ற மண்சட்டியோ பழங்கூடையோ போதும். செம்மண், மணல், நன்றாய் மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சமமாய்க் கலந்து நிரப்பி, விரற்கடை இடைவெளியில் இருபது முப்பது விதை ஊன்றவேண்டும். நெருங்க விதைத்து ஜலத்தை வாரி இறைத்தால், முளை தரையோடு அழுகிச் சாயும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியை விதையில் புரட்டி விதைத்தால் இந்த அழுகல் குறைகிறது. கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்காகையால், வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

நாற்றுக்கு மேலே மூடாக்கு அவசியம். நான்கு குச்சிகளை வளைத்து ஊன்றி, மெல்லிய மல் துணியைப் போர்த்து, ஓரங்களை மண்ணால் அழுத்திவிடவேண்டும். கொசுவலை போதுமே என்று பலர் நினைக்கின்றனர். கொசு நுழையாத கண்ணில் வெள்ளை ஈ தாராளமாய் நுழைந்துவிடும். வயலுக்கு நாற்று விடுவோர் இதற்கென்றே விற்கும் நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு முறை வாங்கினால் பல பட்டத்துக்கு உதவும். இருபத்தைந்து நாளில் நாற்று நடவுக்கு ஆகும். நட்ட பின்னும் இரண்டு வாரம் இத்துணியை விட்டு வைக்க வசதியிருப்பின் மிகவும் நன்று. வீட்டுத் தோட்டக்காரருக்கு வயற்காரரைவிட உள்ள சௌகரியம் இது ஒன்றே. பன்னிரண்டு செடிக்குப் போர்வை போடலாம், பன்னீராயிரத்துக்குப் போட இயலாது.

விதை விஷயத்தில் ஒரு வார்த்தை. தேனிக்கு அடுத்த அன்னஞ்சியில் வழங்கிய நாட்டுத் தக்காளியிலிருந்து உண்டாக்கப்பட்டது பெரியகுளம் 1 என்னும் ரகம். உருண்டையாய்ச் சற்றுத் தட்டையான பழம். புளிப்புச் சுவை மிகுந்து ரசத்துக்கும் குழம்புக்கும் ஏற்றது. இதன் விதையை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். நோயற்ற செடியில் இரண்டாம் மூன்றாம் கொத்துப் பழத்தைச் செடியிலேயே நன்கு பழுக்கவிட்டு, பிசைந்து, ஒரு நாள் வைத்திருந்து, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். ஆனால் இலைச்சுருட்டையைத் தாங்கும் சக்தி இதற்கில்லை. பெங்களூருக்கு அருகில் ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு, இலைச்சுருட்டை, வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும்படி உண்டாக்கப்பட்டது. அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வாராது. ஒவ்வொரு முறையும் புதிதாய் வாங்கவேண்டும். ருசிக்கு முன்னதையும் நோய் மிகுந்த ஊருக்குப் பின்னதையும் கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வழக்கமான தவறு நேர்கிறது. சாக்கடை மூலை தக்காளிக்குரிய இடமன்று. நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழவேண்டும், ஜலம் வடியவேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை இவை யாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. மூன்று வருஷமாய்க் கத்தரி இருந்த பாத்தியில் தக்காளியை வைப்பது, நோயாளி கிடந்த பாயிலேயே குழந்தையைக் கிடத்துவதற்கு ஒக்கும். வாடல் நோய்க் கிருமி மண்ணில் பல ஆண்டு தங்கும். நேற்று மாலை செழிப்பாயிருந்த செடி, இலை மஞ்சளாகாமலே, பச்சையாகவே தலை தொங்கிவிட்டால் இந்நோயைச் சந்தேகிக்கவேண்டும். அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த ஜலம் விட்டு, வெட்டுவாய் ஜலத்தில் படும்படி தொங்கவிட்டுச் சில நிமிஷம் பார்த்தால், பால்போன்ற இழை ஒன்று கீழ்நோக்கி வழியும். அஃது ஆயிரமாயிரம் கிருமிகளின் திரள். இச்சோதனையை ஊரார் கூடியிருக்கையில் ஒருமுறை செய்து காட்டினால், ஒரு மணி நேரப் பிரசங்கத்தைவிட அதிகம் பதியும். அவ்விதப் பாத்தியில் இரண்டு மூன்று வருஷம் சோளம், மக்காச்சோளம், வெங்காயம் முதலியவற்றை இடவேண்டும். வேறு இடமே இல்லாதவர், இக்குலத்துப் பயிர் காணாத நிலத்து மண்ணைச் சாக்கிலோ தொட்டியிலோ நிரப்பி அதில் வைக்கலாம். வாடலைத் தாங்கும் கத்தரி வேரின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைத் தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் சிபாரிசு செய்கிறது. கைப்பழக்கம் வேண்டிய வேலை அது.

வேரில் மணிமணியாய் முடிச்சிருந்தால் அது நூற்புழுவின் வேலை. வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், துலுக்கச் செவ்வந்தியை நெருக்கமாய் வளர்த்து எடுத்த பின் தக்காளி வைப்பதும் இதற்குத் தக்கவை.

நடுகையில் தண்டின் அடிப்பாகம் சிறிது மண்ணுள் போகும்படி ஆழமாய் வைக்கலாம். புதைந்த தண்டிலும் வேர்விடும் குணம் தக்காளிக்கு உண்டு. இரண்டடிக்கு ஒரு செடி. முட்டுக்கால் நட்டு வாழை நாரால் தளர்வாய்க் கட்டவேண்டும். மண் மேல் வைக்கோலோ சருகோ பரப்பினால், மழைத்துளி மண்ணை அடியிலையில் தெறிப்பது நிற்கும்; வட்டத்துள் வட்டமாய்ப் புள்ளி விழும் இலைக்கருகல் பெரும்பாலும் அடியிலையிலிருந்தே ஏறுவது. தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடலாம். மழை நாளில் கருகல் மிகுமாயின் போர்டோ கலவை தெளிக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் மண்பானைகளில் தனித்தனியே கரைத்து, இரண்டும் சேர்ந்து 10 லிட்டர் ஆகும்படி கலப்பது. தேய்த்த கத்தியை அதில் நனைத்துப் பார்த்தால் செம்பு படியலாகாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும்.

காயின் அடிப்புறம் கறுத்துத் தோல்போல் அமுங்குவதைப் புழு என்றும் பூஞ்சாணம் என்றும் மயங்குவோர் பலர். அது ஜலம் பாய்ச்சுவதிலுள்ள ஒழுங்கின்மையால் வருவது. ஐந்து நாள் காயவிட்டு ஆறாம் நாள் குளமாய் நிரப்பினால், காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து போய்ச் சேருவதில்லை. அளவாய், நாள் தவறாமல், வேரடியில் விடுவதே மருந்து.

புகையிலை போடுவோரும் பீடி பிடிப்போரும் செடியைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். புகையிலையிலுள்ள தேமல் வைரஸ் பதப்படுத்திய பின்னும் சாவதில்லை. விரல் வழியே தக்காளிக்கு வந்து சேரும். சாவடியில் அமர்ந்து வெற்றிலையும் புகையிலையும் போட்டபடியே தோட்டத்தைப் பார்வையிட வரும் பெரியோர் இதனால் மனம் வருந்தலாகாது. பார்வையிடுவது கண்ணால் மாத்திரம் இருக்கட்டும்.

பருவத்தைப் பற்றியும் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். பகல் உஷ்ணம் 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலேறி, இரவும் புழுக்கமாயிருந்தால் பூ பிஞ்சாகாமல் உதிரும். சமவெளி ஜில்லாக்களில் வீட்டுத் தோட்டத்துக்கு ஐப்பசி கார்த்திகையில் நாற்றுவிட்டு, மழை ஓய்ந்ததும் நட்டு, தை மாசியில் பறிப்பதே சிறந்தது. மழை நீடிக்கும் காவேரிப் படுகையில் இன்னும் சில வாரம் தாமதிக்கலாம். ஆண்டு முழுவதும் தக்காளி வேண்டும் என்னும் எண்ணமே முதுசெடிகளை நிலைநிறுத்துகிறது. கோடைக்குப் புளியும் மாங்காயும் இருக்கின்றன.

பங்குனியில் செடிகளைப் பிடுங்கிய பாத்தியைச் சும்மா விடவேண்டியதில்லை. கொத்திவிட்டுச் சில நாள் வெயில் காட்டிய பிறகு முளைக்கீரை விதைத்தால் இருபத்தைந்து நாளில் அரிந்துகொள்ளலாம். சின்ன வெங்காயமும் வரும். வெண்டையை மாத்திரம் உடனே அவ்விடத்தில் போடலாகாது. வெள்ளை ஈ வெண்டையிலும் விரும்பித் தங்கும்.